தோழர் மேலே இருக்கிறார்

நம் வானாய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யார் என் வீட்டுக்கு வந்தாலும், காப்பி ஆறுவதற்குள் ஒரே கேள்விதான் வருகிறது. நெருக்கமான இரட்டை நட்சத்திரங்களைச் சின்னத் தொலைநோக்கியில் பிரித்துப் பார்க்கக் கண்ணை எப்படிப் பழக்குவது? வில்லையின் அளவு, காற்றின் நடுக்கம், எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதெல்லாம் நீங்கள் வாங்கி அடுக்கி வைத்திருக்கும் புத்தகங்களிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். கண் தானாகப் பழகிவிடும். பார்த்ததைச் சொல்லும் வாயைப் பழக்குவதுதான் கஷ்டம். பயந்துபோன வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும்.

இதை உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். வெறும் கண்ணுக்கு ஒற்றையாகத் தெரியும் சில நட்சத்திரங்களைத் தொலைநோக்கியில் பார்த்தால், பிரகாசமான ஒன்றும் அதை ஒட்டினாற்போல் மங்கலான இன்னொன்றும் இருக்கும். இந்த இரண்டாவது பெரியதன் எந்தப் பக்கத்தில், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பதுதான் எங்கள் வேலை. ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத வேலை என்று என் மாமனார் சாகும்வரை சொன்னார். அந்தப் பிரயோஜனமில்லாத வேலைக்காக ஒரு மனுஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். என்னோடு இன்னொரு உதவியாளன் கலியபெருமாள், என் வயதுக்காரன், முதலியார்பேட்டையில் மில் தொழிலாளர் குடும்பம். மொட்டை மாடியில் மூன்று அங்குல வில்லையோடு ஒரு பித்தளைத் தொலைநோக்கி இருந்தது. அதைக் கையாண்டவர் எங்கள் பௌதிக ஆசிரியர், ஒரு பிரெஞ்சுக்காரர். நாங்கள் அவரை ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம் முசியே ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்துக் கொடுத்து, “இது மிக நெருக்கமான ஜோடி, இரண்டாவது எந்தப் பக்கம்?” என்று கேட்டார். நான் கண்ணை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. “வலது பக்கம், முசியே. ரொம்ப மங்கலா இருக்கு” என்றேன். அடுத்து கலியபெருமாள் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எனுக்கு ஒண்ணுதான் தெரியுது முசியே.”

“நல்லாப் பார்” என்றார் அவர்.

“நல்லாத்தான் பாக்குறேன். ஒண்ணுதான் கீது.”

எனக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது. வேலை போய்விடுமே இவனுக்கு என்று நினைத்தேன். முசியே நட்சத்திர அட்டவணையைத் திறந்து காட்டினார். அது ஒற்றை நட்சத்திரம். அவர் என்னைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அன்றிலிருந்து தொலைநோக்கி கலியபெருமாளுக்கும் பேனா எனக்கும் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளே, நான் அன்று பொய் சொல்லவில்லை. வலது பக்கத்தில் ஒரு புள்ளி எனக்கு நிஜமாகவே தெரிந்தது. இருக்கிறது என்று பெரிய மனிதர் ஒருவர் சொன்னால் கண் உண்டாக்கிக் கொடுத்துவிடும். முதலில் பார், உடனே சொல், அதற்கப்புறம்தான் அட்டவணையைத் திற என்று நம் நிலையத்தில் நான் உங்களை நச்சரித்தது அங்கே வாங்கிய அடியால்தான்.

முசியேவின் தமிழ் அகராதியிலிருந்து வந்த தமிழ். ஜோடியில் இரண்டாவதைப் பிரெஞ்சில் ‘கொம்பாஞ்ஞோன்’ என்பார்கள், கூட வருகிறவன் என்று அர்த்தம். அகராதியில் அதற்கு நேரே ‘தோழர்’ என்று போட்டிருந்தது. மரியாதை விகுதியோடு அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். “தோழர் வந்தாரா?”, “தோழர் இன்று மங்கல்” என்று அவர் கேட்கும்போது முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு எங்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அதனால்தான் வந்தது. மாடியில் விளக்கு கூடாது, பார்க்கிறவன் கண் கெட்டுவிடும். ஆகவே கலியபெருமாள் மேலே இருட்டில் பாயை விரித்து மல்லாந்து படுத்துத் தொலைநோக்கியில் பார்ப்பான். நான் கீழே படிக்கட்டு வளைவில், தெருப் பக்கத்து ஜன்னலோரம், விளக்கோடு உட்கார்ந்திருப்பேன். அவன் பார்த்ததை மேலிருந்து கத்துவான். நான் எழுதிக்கொண்டு திருப்பிக் கத்துவேன். இருட்டிய பிறகு அந்தத் தெருவில் கடல் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. எங்கள் குரல் தெருமுனைவரை போகும்.

1954, ஆனி மாதக் கடைசி. ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? இந்தியாவோடு சேர வேண்டும் என்கிறவர்களும் கூடாது என்கிறவர்களும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கடையில் தீப்பெட்டி வாங்கக்கூட யோசித்தோம். இருட்டினால் கதவுகள் சாத்திக்கொள்ளும். சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய்கள் சந்து சந்தாகச் சுற்றினார்கள். ‘தோழர்’ என்ற சொல் அப்போது யாரைக் குறித்தது என்று உங்களுக்கே தெரியும். மில்லில் சங்கம் வைத்தவர்கள், கொடி பிடித்தவர்கள், தலைமறைவாகத் திரிந்தவர்கள். அந்த ஒரு சொல்லுக்காக வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த ஊரில், தினம் சாயங்காலம் மாடியிலிருந்து நாங்கள் அதைக் கூவிக்கொண்டிருந்தோம். எங்கள் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை. நாங்கள் நட்சத்திரத்தைப் பற்றித்தானே பேசுகிறோம்!

முசியே விடுமுறைக்குக் கப்பலேறிவிட்டார். மாடிச் சாவி என்னிடம் இருந்தது. மேகம் விட்டு விட்டு வரும் காலம் அது. அன்றைக்கு இருட்டியதும் தலைக்கு மேலே வானம் கொஞ்சம் திறந்தது. சுவாதிக்குப் பக்கத்தில், வடகிழக்கே ஒரு நட்சத்திரம் உண்டே, நம் வேலையில் எல்லோரையும் அழவைக்கும் ஜோடி, அதைப் பிடித்தான் கலியபெருமாள். சின்ன வில்லையில் அது லேசில் பிரியாது. நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு மேலிருந்து சந்தோஷமாகக் கத்தினான்.

“தோழர் வந்துட்டாருப்பா!”

“எங்க இருக்காரு?” என்று நான் கத்தினேன்.

“மேல! மேலயே இருக்காரு!”

“தெளிவா சொல்லு, கூட வேற யாருனா இருக்காங்களா?”

“இல்ல, தனியாத்தான் கீறாரு. அப்பப்போ மறையுறாரு.”

நான் எழுதி முடிப்பதற்குள் கீழே கதவு உடைகிற மாதிரி தட்டல் கேட்டது. திறந்ததும் இரண்டு சிப்பாய்கள் என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குள் தடியை விட்டுத் துழாவினான். இன்னொருவன் பாயை உதறிப் பார்த்தான். பிறகு கலியபெருமாளின் சட்டையைப் பிடித்தான்.

“எங்கடா தோழர்? மேல கீறாருன்னு சொன்னியே, எங்க?”

கலியபெருமாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகினவன். வானத்தைக் காட்டினான்.

“அதோ.”

கன்னத்தில் விழுந்த அறையின் சத்தம் எதிர்வீட்டுச் சுவரில் போய்த் திரும்பியது. “எந்த ஊர்டா?” என்று கேட்டார்கள். “முதலியார்பேட்டை” என்றான், மில் சங்கம் வேரூன்றிய இடம். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. என்னிடம் பள்ளிக்கூடத்துச் சாவியும் பிரெஞ்சில் எழுதிய அடையாளச் சீட்டும் இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள். “அது நட்சத்திரங்க, ஐயா” என்று நான் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.  அவனை இழுத்துக்கொண்டு போனபிறகு நான் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கை அணைக்கக்கூடக் கை வரவில்லை.

விடிந்ததும் அவன் அக்கா வந்து நின்றாள். மில்லில் வேலை செய்கிறவள், அவனைத் தூக்கி வளர்த்தவள். வேலைக்குப் போகிற புடவையிலேயே வந்திருந்தாள்.

“இன்னா தம்பி செஞ்சான் அவன்? எங்க வீட்டுல யாரும் கொடி புடிக்கல, கூட்டத்துக்குப் போவல. நட்சத்திரம் பாக்குற வேலைன்னுதானே சொன்னான்?”

“நட்சத்திரம்தாங்க்கா பார்த்தோம்.”

“அதுக்கா இட்டுகினு போவாங்க? எங்க தெருவுல ஒருத்தன் போயி மாசம் ஆவுது, இன்னும் வரல. வீராம்பட்டினத்து ஆத்தாவுக்கு வேண்டிக்கினு வந்திருக்கேன். நீ வந்து சொல்லு தம்பி. உன் பேச்சுனா எடுபடும்.”

என் பேச்சு எடுபடுமாம். நான் போகவே பயந்தேன் என்பதுதான் உண்மை. போனால் என்னையும் உள்ளே வைத்துக்கொண்டால்? ஆனால் அந்த அம்மாள் வாசலை விட்டு நகர்வதாக இல்லை. போவதற்கும் போகாமல் இருப்பதற்கும் நடுவில் அவள் நின்றாள். போனேன்.

அந்தக் காவல் நிலையத்துக் கொமிசேர், அதாவது பெரிய அதிகாரி, தமிழர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த குடும்பம். தடித்த ஆள், விறைத்த காலர், யாரையும் நம்பாத கண். நான் அகராதி, முசியே, கொம்பாஞ்ஞோன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அலோர்,” என்றார், பிரெஞ்சில் ‘ஆக’ என்கிற மாதிரி, “அதாவது, தோழர்னா நட்சத்திரம். அது மேல இருந்துச்சு. அப்படித்தானே?”

“ஆமாங்க.”

“ராத்திரி பூரா அவனும் அதையேதான் சொல்றான். ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கலாம் இல்ல?”

“நீங்களே வந்து பாத்துடுங்க ஐயா. நான் காட்டுறேன். எங்க பாக்கணும்னு...”

“நிறுத்து.” கையைத் தூக்கினார். “நீ சொல்லிக் குடுத்து நான் பாத்தா, அப்புறம் நான் பாக்குறது நீ சொன்னதைத்தான். நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. இன்னிக்கு இருட்டினதும் வரேன். நான் பாக்குறேன். நீ பாத்து என் காதுல சொல்லு. அவனும் தனியா பாத்து என் காதுல சொல்லட்டும். மூணும் ஒண்ணா இருந்தா சரி. இல்லன்னா உனுக்கும் உள்ள எடம் இருக்கு.”

முசியேவின் மாடியில் நான் கற்ற விதியை ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்து கேட்டதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. அந்த ஜோடியைப் பழகாத கண்ணால் பிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சுலபமாகப் பிரியும் வேறு ஒரு ஜோடியைக் காட்டிவிடலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். அவருக்கு எந்த நட்சத்திரம் என்று என்ன தெரியப் போகிறது? ஆனால் கலியபெருமாளுக்குத் தெரியும். அவன் கண்ணை வைத்ததும் “இது அது இல்லையே” என்று சொல்லித் தொலைப்பான். அவன் அப்படிப்பட்டவன். அதனால்தான் அந்த யோசனையை விட்டேன், நேர்மையால் இல்லை.

சாயங்காலம் வானம் மூடிக் கிடந்தது. கொமிசேர் வந்துவிட்டார். கலியபெருமாளைப் படிக்கட்டின் அடியில் ஒரு சிப்பாயோடு நிறுத்தினார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவன் அக்கா தெருவின் எதிர்ப் பக்கத்தில் நின்றாள், அவளை உள்ளே விடவில்லை.

மேகம் விலகக் காத்திருந்தோம். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் மேகத்தின் வயிற்றில் பட்டுப் பட்டுப் போனது. கொமிசேர் பாயைப் பார்த்தார், தன் உடுப்பைப் பார்த்தார்.

“இதுல படுக்கணுமா நான்?”

அவர் கோபப்பட்டுவிடக் கூடாதே என்று நான் அவசரமாக அலமாரியிலிருந்து ‘முழங்கை’யை எடுத்து வந்து மாட்டினேன். வளைந்த குழாய், உள்ளே பட்டைக் கண்ணாடி. தலைக்கு மேலே உள்ளதைக்கூட உட்கார்ந்தபடியே குனிந்து பார்க்கலாம். நாங்கள் அதைத் தொடுவதே இல்லை, பிம்பம் கொஞ்சம் மழுங்கும். நாற்காலி போட்டேன். அவர் திருப்தியாக உட்கார்ந்தார். சுவாதி வெளியே வந்தது. பக்கத்து நட்சத்திரமும் வந்தது. பிடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“ஒண்ணுதான் தெரியுது,” என்றார் கொமிசேர்.

மேகம் நெருங்குகிறதா என்று நான் அண்ணாந்து பார்த்தேன். 

“ஒண்ணுதான். ஆடிக்கிட்டே இருக்கு. அலோர், நீ பாரு.”

நான் குனிந்தேன். நட்சத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. கடற்காற்று ஒரு கணம் நின்றது. அப்போது மஞ்சள் புள்ளியின் கீழ் ஓரத்தில், ஒட்டினாற்போல், சின்னதாக இன்னொன்று. இந்தத் தடவை நிஜம், எந்தப் பெரிய மனிதரும் சொல்லித் தெரியவில்லை. நான் அவர் காதில் “கீழங்க” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கலியபெருமாள் நேற்றுக் கத்தியது ‘மேல’. நேற்று முழங்கை இல்லை. நேராகப் பார்த்தால் மேலே தெரிவது, முழங்கை வழியாகப் பார்த்தால் கீழே தெரியும். அந்தப் பட்டைக் கண்ணாடி பிம்பத்தை அப்படிப் புரட்டிவிடும். எங்கள் வேலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பயத்தில் எனக்கு மறந்துபோனது.

கொமிசேர் என்னையே பார்த்தார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “கூப்பிடு அவனை,” என்றார்.

கலியபெருமாள் படியேறி வந்த அந்த நேரத்தை நான் மறுபடி வாழ விரும்பவில்லை. ராத்திரி முழுக்க அவன் உள்ளே ‘மேல, மேல’ என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறான். இப்போதும் பயத்தில் ‘மேல’ என்றுதான் சொல்வான், நானாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன். சொன்னால் நாங்கள் இருவரும் வேறு வேறு சொன்னதாகும், இரண்டு பேரும் உள்ளே. ‘கீழ’ என்று சொன்னால் நேற்றுச் சொன்னதை மாற்றிப் பேசுகிறான் என்றாகும், அவன் உள்ளே. எந்தப் பக்கமும் வழி இல்லை. இருமிக் காட்டலாமா, காலைத் தட்டலாமா என்றுகூட நினைத்தேன். எதைச் சொல்லி இருமுவது?

அவன் வீங்காத கண்ணை வைத்தான். நெடுநேரம் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவன் அவசரப்படவில்லை. பிறகு எழுந்து கொமிசேரின் காதருகே போனான். மெல்லத்தான் சொன்னான், ஆனால் எனக்கும் கேட்டது.

“கீழ கீதுங்க.”

“நேத்து மேலன்ன!” கொமிசேரின் குரல் மாடி முழுக்க அதிர்ந்தது. “ராத்திரி பூரா மேலன்ன! இன்னிக்கு கீழயா? யாருடா எறங்கச் சொன்னது?”

கலியபெருமாள் ஓரடி பின்வாங்கினான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “தெரியலைங்க. நேத்து மேலதான் இருந்துச்சு. இப்ப கீழதான் தெரியுது. தெரியுறதுதானே நான் சொல்ல முடியும்?”

முழங்கையைப் பற்றி விளக்க என் வாய் திறந்துவிட்டது. பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். விளக்கியிருந்தால் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கேட்கிறவருக்கு அது தப்பிக்க நினைப்பவன் சொல்லும் சாக்கு. சொல்லிக் கொடுத்துப் பார்ப்பதை அவர் நம்ப மாட்டார் என்று காலையிலேயே சொல்லிவிட்டாரே. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மூடியதும், வேறு மாதிரி திறந்தேன்.

“ஐயா, நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஒரு குழாயை மட்டும் கழட்டிடுறேன். நீங்க பாய்ல படுத்து நேரா ஒரு வாட்டி பாருங்க. எங்க பாக்கணும்னு சொல்ல மாட்டேன்.”

அவர் மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. தொப்பியைக் கழற்றிச் சிப்பாயிடம் கொடுத்தார். காலர் பொத்தானை அவிழ்த்தார். அந்தப் பெரிய உடம்பைப் பாயில் சாய்த்து மல்லாந்து படுத்தார். நான் முழங்கையைக் கழற்றினேன். இருட்டில் மரை பிடிபடவில்லை, கலியபெருமாள் எட்டி வந்து குழாயைப் பிடித்துக்கொண்டான். சிப்பாய் தடுக்கவில்லை.

தெற்கிலிருந்து ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அது வந்து மூடினால் அன்றைக்கு எல்லாம் முடிந்தது. யாரும் அசையவில்லை. கொமிசேர் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். இதற்குள் அவர் கண்ணும் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். காற்றும் அடங்கியிருந்தது.

“தியேன்!” என்றார். பிரெஞ்சில் ‘அட’ என்பது போல. பிறகு தமிழில், “மேல.”

நான் மேகத்தைப் பார்த்தேன்.

“மேல ஒண்ணு இருக்கு. சின்னதா. ஒட்டிக்கிட்டு.” கண்ணை எடுக்காமலே சொன்னார். “நீலமா இருக்கு. பெருசு மஞ்சளா இருக்கு, இது நீலம். ஏண்டா, ரெண்டு பேரும் இதைச் சொல்லவே இல்லையே?”

கேட்டது யார் என்று மறந்து, கலியபெருமாள் “ஆமாங்க, நீலம்தாங்க” என்றான். நிறத்தைப் பற்றி நாங்கள் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவராகப் பார்த்தது அது. அதற்குப் பிறகு அவரே முழங்கையை மாட்டச் சொன்னார். பார்த்தார். கழற்றச் சொன்னார், பார்த்தார். மேகம் வந்து மூடியதும் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி கொமிசேர் ஆனார்.

“இவனை விடு,” என்றார் சிப்பாயிடம். பிறகு எங்களிடம், “இனிமே அந்த வார்த்தை இந்த மாடியில வரக்கூடாது.”

“வேற எப்படிச் சொல்றதுங்க?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“தம்பின்னு சொல்லு. பொண்டாட்டின்னு சொல்லு. எனுக்கென்ன?”

சிப்பாய் சிரித்தான். நானும் சிரித்தேன், உயிர் திரும்பி வந்த சிரிப்பு. கலியபெருமாள் சிரிக்கவில்லை. கீழே அவன் அக்கா அவன் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் முந்தானையால் அவன் தலையைப் போர்த்தி அழைத்துக்கொண்டு போனாள்.

இதோடு நான் நிறுத்தினால் நல்ல கதை. கேட்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் கைதட்டுவார்கள். பயத்தை மீறி உண்மையைச் சொன்னான், உண்மை காப்பாற்றியது என்பார்கள். அது சரிதான். ஆனால் கண்ணில் பார்த்தது அதோடு முடியவில்லையே.

கலியபெருமாள் மறுநாள் வேலைக்கு வந்தான். பாத்திரம் கழுவினான், அமிலம் அளந்தான், மாடிக்கு மட்டும் வரவில்லை. தலைவலி என்றான், பிறகு வீட்டில் வேலை என்றான். ஐப்பசியில் கொடி மாறியது. தெருவில் எல்லோரும் எல்லோரையும் தோழரே என்று கத்திக் கூப்பிட்டார்கள். சிவப்புத் தொப்பிகள் காணாமல் போயின. “இனிமே யார்டா புடிக்கப் போறாங்க, வாடா” என்று நான் கூப்பிட்டேன். சிரித்து மழுப்பினான். கொஞ்ச நாளில் மின்சார ஆபீசில் கணக்கெழுதும் வேலை கிடைத்துப் போய்விட்டான். மாடியில் நான் பார்த்தேன், நானே எழுதினேன். என் கண் அவன் கண் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை வந்தான். சில வருஷம் கழித்து, இதே ஆனி மாதம், அவன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவனை விடாமல் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முழங்கையெல்லாம் இல்லை, பாய்தான். பழைய வழக்கப்படி நான் படிக்கட்டு வளைவில் விளக்கோடு உட்கார்ந்தேன்.

“வந்துச்சா?” என்று கத்தினேன்.

பதில் இல்லை. காத்திருந்தேன். மறுபடி கத்தினேன். தூங்கிவிட்டானோ என்று விளக்கை வைத்துவிட்டு மேலே போனேன். அவன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். தொலைநோக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படிக்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். என் தலை தெரிந்ததும் பின்னால் நகர்ந்தான்.

“நான்தாண்டா” என்றேன்.

“கீழ யாருனா கீறாங்களா?”

“யாரும் இல்லடா.”

அவன் எழுந்து போய் கைப்பிடிச் சுவரோரம் நின்று தெருவைப் பார்த்தான். இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். தெரு காலியாக இருந்தது. திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, வாய்க்குக் கையால் மறைவு கட்டிக்கொண்டு, என் காதுக்குள் சொன்னான்.

“மேல கீது.”

சரியாகத்தான் சொன்னான். அன்றைக்கு அது மேலேதான் இருந்தது.